பெடல் தரையில் உட்கார்ந்த பிறகு: பழைய கார் பிரேக்கோடு ஐந்து மாதம்

பிரேக் போகும்போது சத்தமே வராது. டயர் வெடித்தால் காது அடைக்கும், எஞ்சின் மக்கர் செய்தால் வண்டி குலுங்கும். இதில் ஒன்றுமே இல்லை. இறக்கத்தில் வந்துகொண்டிருக்கிறேன், கீழே சந்திப்பில் சிவப்பு விளக்கு, முன்னால் ஒரு சரக்கு வண்டி நிற்கிறது. வழக்கம்போல் பெடலை மிதித்தேன். கால் பாட்டுக்குக் கீழே போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டது. எடுத்து மறுபடி மிதித்தேன், மறுபடியும் தரை. மூன்றாவது மிதியில் ஏதோ லேசாகப் பிடித்த மாதிரி இருந்தது. அதற்குள் கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போயிருந்தது. கியரை இரண்டாவதுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே சாலையோர மண்ணில் ஏற்றினேன். வண்டி நின்றபோது சரக்கு வண்டிக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருந்தது. பக்கத்து சீட்டில் என் மகள். "ஏம்ப்பா மண்ணுல நிறுத்துனே?" என்று கேட்டாள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அன்று தொடங்கி அந்த வண்டியின் பிரேக்கை நான் முழுசாக நம்ப ஐந்து மாதம் ஆயிற்று. வாங்கி வீணாக்கிய சாமான்கள், பட்டறைக் கூலி, கொட்டிய பிரேக் ஆயில் எல்லாம் சேர்த்து என் இரண்டு மாதச் சம்பளம் போனது. இதில் பாதிக்கு மேல் என் அவசரத்துக்கும் அறியாமைக்கும் கொடுத்த விலை. யாராவது முன்னாடியே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் மூன்று வார வேலை. அதனால்தான் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

வண்டி 1959 மாடல், அப்பாவுடையது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மின் உள்சுவரில் ஷூ என்கிற வளைந்த கட்டைகள் அழுந்தி நிறுத்துகிற வகை. முக்கியமான விஷயம், ஒரே சுற்று. அதாவது பெடலோடு இணைந்த ஒரு மாஸ்டர் சிலிண்டர், அதற்குள் அழுத்தம் கொடுக்கிற ஒரே ஒரு பிஸ்டன், அங்கிருந்து நாலு சக்கரத்துக்கும் ஒரே பைப் வரிசை. எங்காவது ஓர் இடத்தில் கசிந்தால் நாலு சக்கரமும் போச்சு. இன்றைய வண்டிகளில் இரண்டு தனிச் சுற்று இருக்கும், ஒன்று போனாலும் மற்றது பாதியாவது நிறுத்தும். அமெரிக்காவில் 1968 முதல் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு, கேபிளில் இயங்குகிற ஹேண்ட் பிரேக்தான் கடைசித் துணை. "பார்க் பண்ணத்தானே" என்று அதை அலட்சியமாக விட்டுவைக்காதீர்கள். அன்று எங்களைக் காப்பாற்றியது அதுதான், அதுகூட முந்தின வாரம் வேறு காரணத்துக்காகத் தற்செயலாகக் கேபிளை இழுத்துக் கட்டியிருந்ததால்.

எச்சரிக்கையே வரவில்லை என்று சொல்ல முடியாது. வண்டி ஒன்பது வருடம் கொட்டகையில் நின்றது. எஞ்சினைக் கிளப்பி, கார்புரேட்டரைக் கழுவி, பேட்டரி போட்டு, டயர் மாற்றி ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். பிரேக் பிடித்தது, அதனால் பிரேக்கைத் தொடவில்லை. காலையில் முதல் மிதி ஆழமாகப் போகும், இரண்டாவது மிதியில் மேலே வந்துவிடும். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாதத்துக்கு ஒரு தடவை மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் பிரேக் ஆயில் குறையும், ஊற்றிக்கொள்வேன், ஆவியாகியிருக்கும் என்று நினைப்பு. பிரேக் ஆயில் அப்படி ஆவியாகிக் குறையாது. டிரம் பிரேக் வண்டியில் அளவு திரும்பத் திரும்பக் குறைகிறது என்றால் எங்கோ வெளியே போகிறது, அவ்வளவுதான். பின்பக்க டயரின் உள்பக்கச் சுவரில் ஈரக் கோடு ஒன்று இருந்ததையும் பார்த்தேன். ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கும், பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். விரலில் தொட்டிருந்தாலே தெரிந்திருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, நாற்றத்தோடு விரலில் ஒட்டும், தண்ணீரில் போகாது. பிரேக் ஆயில் மெல்லிசாக இருக்கும், தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும்.

டிரம்மைக் கழற்றியபோது, பின் சக்கரத்தில் ஷூவைத் தள்ளுகிற சின்ன வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தூக்கினேன். பழுப்பு நிறச் சாறு பொலபொலவென்று கொட்டியது. உள்ளே பிஸ்டன் ஓடுகிற சுவரில் துருப் புள்ளிகள், நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கின. ஒன்பது வருடம் சும்மா நின்ற ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே அரித்திருக்கிறது. ஷூ மேல் இருக்கிற, டிரம்மில் உரசுகிற லைனிங் முழுக்க நனைந்து ஊறியிருந்தது. அதைக் கழுவிக் காயவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். போடாதீர்கள், சூடானால் உள்ளே ஊறினது மறுபடி கசிந்து வெளியே வரும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இன்னொன்று, அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்முக்குள் இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். நான் முதல் டிரம்மை வாயால் ஊதினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இங்கேதான் முதல் தப்பு. ஒரு சிலிண்டர் கசிகிறது என்றால் மற்ற சிலிண்டர்களும் அதே வயசு, அதே ஆயிலைக் குடித்தவைதான். எல்லாவற்றையும் திறந்து பார்த்திருக்க வேண்டும். பட்டறையில் அந்த ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன், அவர்களும் மாற்றினார்கள். பிறகு ஏர் எடுப்பதற்காக, அதாவது பைப்புக்குள் மாட்டிய காற்றை வெளியேற்ற, ஒரு பையன் உட்கார்ந்து பெடலைத் தரை வரைக்கும் தொம் தொம்மென்று இருபது முப்பது தடவை மிதித்தான். வெளியே வந்தபோது பெடல் அருமையாக இருந்தது. மூன்றாம் நாள் சிக்னலில் நிற்கிறேன், கால் பெடல் மேலேயே இருக்கிறது, பெடல் மெதுவாக, லிஃப்ட் இறங்குகிற மாதிரி, தானாகக் கீழே போகிறது. எங்கேயும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

நடந்தது என்னவென்று பிற்பாடுதான் புரிந்தது. மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் தினமும் ஓடுகிற தூரம் கொஞ்சம்தான். அந்த இடம் மட்டும் தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும். அதற்கு அப்பால் பிஸ்டன் தொடாத பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் பிஸ்டனோடு நகர்ந்து ஆயிலை அடைக்கிற ரப்பர் கப் அந்தக் கரடு மேல் போய் உரசி உதடு கிழியும். கிழிந்த கப்பைக் கழற்றிப் பார்த்தபோது ஓரத்தில் நகம் வெட்டிப் போட்ட துண்டு அளவுக்கு ஒரு பிறைக் காயம், அவ்வளவுதான். அந்த வழியாக ஆயில் முன்னாலிருந்து பின்னால் நழுவிவிடும், வெளியே வராது, அழுத்தம் மட்டும் நிற்காது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். கால் அந்தக் கட்டையோடு நிற்கட்டும், தரை வரை போக வேண்டாம். இந்தக் கட்டை என்னிடம் இருந்திருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

பெடலே நோயைச் சொல்லும் என்பதை இந்தக் கட்டத்தில்தான் கற்றுக்கொண்டேன். மூன்று விதமாகக் கெடும், மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் மிதி ஆழமாகப் போய், உடனே இரண்டாவது மிதி உயரத்தில் கெட்டியாக நின்றால் பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகம், செட்டிங் வைத்து ஷூவை நெருக்க வேண்டும். மிதிக்க மிதிக்க மேலே வந்தாலும் கடைசி வரை பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே ஏர், அல்லது ஊதிப்போகிற பழைய ரப்பர் ஹோஸ். கெட்டியாக நின்ற பெடல், காலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாக இறங்கினால் கசிவு: வெளியே ஈரம் இருந்தால் பைப்போ வீல் சிலிண்டரோ, எங்கும் ஈரமே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் கப். வண்டியைக் கிளப்பாமல் நிறுத்திவைத்து, பெடலை அழுத்திப் பிடித்து முப்பது எண்ணினாலே இதில் பாதி தெரிந்துவிடும். நான் இந்த முப்பதை எண்ணாமல் சாமான் கடைக்கு ஓடினேன்.

மாஸ்டர் சிலிண்டருக்கு முதலில் கிட் வாங்கினேன், ரப்பர் மட்டும் மாற்றினால் போதும் என்று. உள்சுவரில் புள்ளிப் புள்ளியாக அரிப்பு இருந்தது, உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மினுமினுத்தது, சந்தோஷமாக இருந்தது. குழி குழியாகவேதான் இருந்தது. போதாக்குறைக்கு ரப்பர்களைப் பெட்ரோலில் கழுவினேன். பிரேக் ரப்பருக்குப் பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவுமே ஆகாது, உப்பிப் போய் உருக்குலையும். கழுவ ஸ்பிரிட் அல்லது புது பிரேக் ஆயில், பூச பிரேக்குக்கென்று வருகிற ரப்பர் கிரீஸ். நான் போட்ட கிட் மூன்று வாரம் தாங்கியது. உள்சுவரில் நகம் தடுக்கினால் கிட் வாங்குவது வீண். சிலிண்டரையே மாற்றுங்கள், புதுசு கிடைக்காத மாடல் என்றால் லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கிப் பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ ஸ்லீவ், அதாவது உள்குழாய், இறக்கலாம். ஸ்லீவ் இறக்கினாலும் உள்விட்டம் பழைய அளவுக்கே வர வேண்டும், மாறினால் பெடலின் ஆழமும் பிடியும் மாறிப்போகும்.

பேச்சுவாக்கில் ஆயில் ஆயில் என்றே எழுதிக்கொண்டு வருகிறேன், நம் வாயில் அப்படியே பழகிவிட்டது. ஆனால் அந்தப் பெயரே ஒரு கண்ணி. பிரேக் ஆயில் எண்ணெயே கிடையாது. டாட் என்பது டப்பா மேல் போட்டிருக்கிற தரக் குறி. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகைத் திரவம். பெயரை நம்பி அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசி வீல் சிலிண்டர் வரை ஒரு ரப்பர் மிஞ்சாது. டாட் 5 மட்டும் சிலிகான். அது தண்ணீரை உறிஞ்சாது, பெயின்டை அரிக்காது, ஆனால் மற்ற மூன்றோடு கலக்கக் கூடாது. 5-க்கும் 5.1-க்கும் நடுவில் இருக்கிற அந்தப் புள்ளியைக் கடையில் கண்ணைத் திறந்து பாருங்கள். ஈரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் சேர்ந்த பிறகு தரக் கணக்கில் அது 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, 155. நீண்ட இறக்கத்தில் டிரம் பழுத்தால் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி சரியாகிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள்.

புது மாஸ்டர் சிலிண்டர் வந்தது. அதைப் பொருத்தியதும் நான் செய்த கைங்கரியம் இன்னொன்று. பெடல் மேலேயே சிக்கென்று பிடிக்க வேண்டும் என்ற ஆசையில், பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளுகிற புஷ் ராடை நட்டைத் திருகி நீட்டிவிட்டேன். பெடல் கல் மாதிரி நின்றது. பெருமையோடு ஓட்டிக்கொண்டு போனேன். நாலு கிலோமீட்டரில் வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி கனத்தது. இறங்கிப் பார்த்தால் நாலு டிரம்மிலும் கை வைக்க முடியவில்லை, கருகல் வாடை, ஒரு சக்கரத்தில் மெல்லிய புகை. தள்ளினால் நகரவில்லை. ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன், ஆறியதும் வண்டி தானாக விட்டது. மறுபடி நாலு கிலோமீட்டர், மறுபடி அதே கதை. வீடு வந்து சேர அந்தி சாய்ந்துவிட்டது.

மாஸ்டர் சிலிண்டர் டப்பாவின் அடியில் ஊசி முனை போல ஒரு துளை இருக்கும். கால் எடுத்திருக்கும்போது பிஸ்டன் முழுசாகப் பின்னால் வந்து அந்தத் துளை திறந்திருக்க வேண்டும். சூட்டில் விரிகிற ஆயில் அது வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்புகிறது. நான் ராடை நீட்டியதால் பிஸ்டன் எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே நின்று துளையை அடைத்துக்கொண்டது. ஆயில் சூடேறி விரிந்து, திரும்ப வழியில்லாமல் ஷூவைத் தள்ளி, இன்னும் சூடேற்றி, இப்படியே சுழன்றிருக்கிறது. பெடலைக் கையால் தள்ளிப் பார்த்தால் ராடு பிஸ்டனைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். ராடு முனையில் அது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், பெடல் முனையில் பல மடங்காகத் தெரியும். உங்கள் வண்டி கையேட்டில் சரியான அளவு இருக்கும். துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: டப்பா மூடியைக் கழற்றி, ஒருவரைப் பெடலைக் கையால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். ஆயில் மேல்பரப்பில் சின்ன ஊற்று ஒன்று துள்ள வேண்டும். குனிந்து மூக்கை நுழைத்துப் பார்க்க வேண்டாம், வேகமாக மிதித்தால் அது கண்ணுக்கு வரும். எனக்கு நெற்றியோடு போயிற்று.

ராடைச் சரிசெய்ததும் இறுக்கம் விட்டது, பஞ்சுப் பெடல் திரும்பி வந்தது. இதற்கிடையே மிச்சமிருந்த வீல் சிலிண்டர்களையும் வீட்டிலேயே நானே மாற்றியிருந்தேன். இனி ஏர் மட்டும்தான் பாக்கி என்று நினைத்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. மனைவி உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்பானரோடு படுத்திருப்பேன். "மிதி." "மிதிச்சுட்டேன்." "பிடி." ஏர் வெளியேறுகிற நிப்பிளைத் திறப்பேன், ஆயில் வரும், மூடுவேன். "விடு." ஒரு தடவை நான் மூடுவதற்கு முன் அவள் விட்டுவிட்டாள், வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொண்டது, ஒரு மணி நேர வேலை வீண். இன்னொரு தடவை பேச்சு சுவாரஸ்யத்தில் டப்பா காலியாகி மாஸ்டர் சிலிண்டரே காற்றை விழுங்கிவிட்டது. ஐந்து மிதிக்கு ஒரு தடவை டப்பாவைப் பார்க்க வேண்டும் என்பது அன்று வந்த பழக்கம். நாலாவது ஞாயிறு அவள் கதவைத் திறந்து இறங்கி, "என்னங்க, எனக்குக் கால்ல கொப்புளமே வந்துடுச்சு, வண்டிய வித்துடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதே நாள்தான் முன் மட்கார்டில் சிந்திய ஆயிலைத் துடைக்காமல் விட்டேன். மறுநாள் காலையில் அப்பா காலத்துப் பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கி உரிந்து நின்றது. சிந்தினால் துடைப்பது மட்டும் போதாது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

விற்றுவிடலாம் என்று நானும் மனசளவில் முடிவு செய்திருந்தபோதுதான் ஒரு பெரியவர் கிடைத்தார். பட்டறையை மூடிவிட்டு வீட்டோடு இருப்பவர். கையில் ஸ்பானர் இல்லை. ஒரு துணிப்பையில் மூன்று ஹோஸ் கிளாம்ப் மட்டும், விளிம்பு மழுங்கலாக, ரப்பரை வெட்டாத மாதிரி செய்தவை. முன் இரண்டு சக்கரத்துக்கும் போகிற ரப்பர் ஹோஸ் இரண்டு, பின்னாலே ஆக்சிலுக்குப் போகிறது ஒன்று, மூன்றையும் நசுக்கி அடைத்தார். "இப்ப மிதிங்க தம்பி." பெடல் சுவரில் மிதித்த மாதிரி நின்றது. "அப்ப மாஸ்டர் நல்லா இருக்கு, அங்கேருந்து ஹோஸ் வரைக்கும் பைப்பும் நல்லா இருக்கு. அத விட்டுருங்க." பின்பக்கக் கிளாம்பை எடுத்தார், பெடல் கொஞ்சம் இறங்கி நின்றது, கெட்டிதான். வலது முன்பக்கம் எடுத்தார், அதேதான். இடது முன்பக்கம் எடுத்ததும் பெடல் பொதுக்கென்று பாதி தூரம் உள்ளே போயிற்று. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் நாலு ஞாயிறு, மூன்று லிட்டர் ஆயில், ஒரு மனைவியின் கால் என்று செலவழித்திருந்தேன்.

இடது டிரம்முக்குப் பின்னால் தட்டு மேல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இத யாரு மாட்டுனது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "காத்து மேல போகுமா கீழ போகுமா?" என்றார். அந்தச் சிலிண்டரில் இரண்டு துளை, இரண்டிலும் ஒரே மரை. பைப் கீழே வர வேண்டும், ஏர் எடுக்கிற நிப்பிள் மேலே இருக்க வேண்டும். நான் மாற்றி மாட்டியிருக்கிறேன். காற்றுக் குமிழி சிலிண்டரின் மேல் மூலையில் சொகுசாக உட்கார்ந்திருக்க, நான் கீழ்வழியாக நல்ல ஆயிலை லிட்டர் லிட்டராக வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு மாதம் எடுத்திருந்தாலும் அந்தக் குமிழி நகர்ந்திருக்காது. சில வண்டிகளில் இடது வலது சிலிண்டரையே மாற்றிப் பொருத்திவிட முடியும், அதிலும் இதே வினைதான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

மாற்றி மாட்டிவிட்டு ஏர் எடுப்பதற்கு முன் அவர் செய்த வேலை எனக்குப் புதிது. நாலு சக்கரத்திலும் ஷூ செட்டிங்கை முதலில் வைத்தார். சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை திருகி, பிறகு லேசாக உரசிச் சுற்றும் வரை பின்னால் எடுப்பது. முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு செட்டிங் என்பதே எனக்குத் தெரியாது, ஒன்றை மட்டுமே திருகிக்கொண்டிருந்தேன். ஷூ தூரத்தில் இருந்தால் பெடலின் பாதி ஓட்டம் அதைத் தள்ளுவதிலேயே செலவாகிவிடும், ஏர் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. அதன் பிறகு மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்தில் இருப்பதில் முடித்தார். வேறு வரிசை சொல்கிற கையேடுகளும் உண்டு, உங்கள் வண்டியுடையது என்ன சொல்கிறதோ அதையே கேளுங்கள். மிதிப்பதும் நிதானமாக, விட்டபின் இரண்டு மூன்று விநாடி பொறுத்து. அவசரமாக மிதித்தால் பெரிய குமிழி நுரையாக உடைந்து பைப் முழுக்கப் பரவிவிடுமாம்.

பெடல் வந்தது. நிஜமாகவே வந்தது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும், ஆனால் வண்டி ஓடும்போது வலதுபக்கமாக இழுக்க ஆரம்பித்தது. அதுவும் பிரேக் போட்டு விட்ட பிறகு. கிளாம்ப் போட்டதால் ஆகியிருக்குமோ என்று பெரியவரிடம் கேட்டேன். "போட்டதால ஆகல, ஏற்கெனவே போயிருந்தது இப்ப தெரியுது," என்றார். பழைய வெடித்த ஹோஸில் கிளாம்ப் போடக் கூடாது என்றும், போட்ட பழைய ஹோஸை எப்படியும் மாற்றிவிட வேண்டும் என்றும் கூடவே சொன்னார். இரண்டும் சரிதான் என்று பட்டது.

இந்தத் தடவை நான் சாமான் கடைக்கு ஓடவில்லை. வலது முன் சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி, பெடலை மிதித்து விட்டு, சக்கரத்தைச் சுற்றினேன், இறுக்கமாக நின்றது. ஹோஸுக்கு மேலே, அதாவது மாஸ்டர் சிலிண்டர் பக்கமாக இருக்கிற பைப் நட்டைக் கால் திருப்பம் தளர்த்தினேன். அங்கே சக்கரம் விட்டிருந்தால் குற்றம் மாஸ்டர் சிலிண்டரிலோ புஷ் ராடிலோ. விடவில்லை. அதை மூடிவிட்டு, சக்கரத்தில் இருக்கிற நிப்பிளைத் திறந்தேன். சர்ரென்று பீய்ச்சியது, சக்கரம் சுதந்திரமாகச் சுற்றியது. ஹோஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில்தான் அழுத்தம் சிக்கிக்கொண்டிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் அது ஆயில் விவகாரமே இல்லை, பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கும், ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பின் சக்கரமானால் ஹேண்ட் பிரேக் கேபிள். ஒரு சின்னக் குழப்பம் வரலாம்: பல டிரம் பிரேக் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு வால்வு, பைப்பில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும், கப் உதடுகள் சுவரோடு ஒட்டியிருப்பதற்காக. நிப்பிளைத் திறந்ததும் லேசாகத் துப்பினால் பயப்பட வேண்டாம். பீய்ச்சி அடித்துச் சக்கரமும் விட்டால்தான் கவலை.

அந்த ஹோஸைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன். வெளியே பார்க்க ஒரு கீறல் இல்லை. உள்ளே ரப்பர் உப்பிப்போய், குண்டூசி நுழைகிற அளவுக்குத்தான் வழி, நடுவில் ஒரு ரப்பர்ச் செதில் பாதி பிய்ந்து நாக்கு மாதிரி தொங்கியது. கால் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது வெறும் ஸ்பிரிங்கின் பலம்தான், அதற்குச் செதில் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். மூன்று ஹோஸையும் அன்றே மாற்றினேன். வரிசைப்படி பார்த்தால் இவற்றைத்தான் முதல் நாளே மாற்றியிருக்க வேண்டும், வாங்கியதிலேயே விலை குறைவான சாமான் அதுதான்.

ஓட்டிப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு, அதையும் நான் முதல் தடவைகளில் பின்பற்றவில்லை. கடைசியாக எல்லாம் மாட்டியபின் என்ஜினைக் கிளப்பாமல் பெடலை முழுப் பலத்தோடு அழுத்தி முப்பது எண்ணினேன், மூன்று தடவை. ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும், மாஸ்டர் சிலிண்டருக்கு அடியிலும் பழைய செய்தித்தாள் விரித்து ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் தாள் உலர்ந்திருந்தது. பிறகு சமதரையில், நடக்கிற வேகத்தில், கை ஹேண்ட் பிரேக் மேலேயே. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தி, நாலு டிரம்மையும் தொடாமல் கிட்டே கையைக் கொண்டுபோய் சூட்டைப் பார்த்தேன். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அது இறுக்கம், ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை.

அந்த இறக்கத்துக்கு மட்டும் மூன்று வாரம் போகவில்லை, வேறு வழியில் சுற்றிக்கொண்டு போனேன். போன ஞாயிறு மகளோடு அதே வழியில் வந்தேன். சந்திப்புக்கு ரொம்ப முன்னாலேயே காலை வைத்தேன். பெடல் கால்வாசி இறங்கிக் கெட்டியாக நின்றது, வண்டி நேர்கோட்டில் நின்றது. பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்தார், இவ்வளவு தள்ளி ஏன் நிற்கிறான் என்று நினைத்திருப்பார். டப்பா மூடியில் ஆயில் மாற்றிய தேதியைப் பெயின்டால் எழுதிவைத்திருக்கிறேன், இரண்டு வருடம் கழித்து மறுபடி. மட்கார்டில் உரிந்த இடத்துக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.